அச்சேறாத முடிவுகள்

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களைப் பற்றி அச்சில் வந்தவை மிகக் குறைவென்று சொல்வதற்கில்லை. பத்தாங் பெர்ஜுந்தை என்று நெடுங்காலம் வழங்கி, 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய ஊரை அடுத்துள்ளது தெனமாரம் தோட்டம். மலாயாவில் வாணிக நோக்குடன் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டது அங்கேதான், ஆண்டு 1917. 'தென்னைமரம்' என்னும் நம் சொல்லே துரைமார் எழுத்தில் அவ்வாறு திரிந்து நின்றது என்பதைத் தமிழாசிரியர்கள் கண்ட அளவிலேயே உணர்வர். அங்கே செம்பனை நட்ட பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே தம் தோட்ட வாழ்வை அடிப்படையாக வைத்து எழுதிய 'மலேசி' என்னும் நாவல் 1930இல் பிரான்சு நாட்டின் கோன்கூர் பரிசைப் பெற்றது. அந்நாவலில் மலாய்ப் பணியாள் ஒருவன் வெறிகொண்டு ஓடுகிறான். 'அமோக்' எனப்படும் அவ்வெறியைப் பற்றி மருத்துவர்களும் நிறைய எழுதினர். சிங்கப்பூர் மனநோய் விடுதியின் தலைவராயிருந்த கில்மோர் எல்லிஸ் 1893இல் அமோக் பற்றியும், 1897இல் 'லாத்தா' என்னும் திடுக்கிடு நோய் பற்றியும் இங்கிலாந்தின் மனநோய் மருத்துவ இதழில் கட்டுரைகள் வெளியிட்டார்.

அதே காலத்தில், அதே தோட்டங்களின் லயங்களில், ஊரையும் உறவையும் விட்டு வந்து, உண்ண மனமின்றி, உறக்கமின்றி, வேலைக்கு எழ வலுவின்றிக் கிடந்த தமிழரும் இருந்தனர். இன்று மருத்துவர் மனச்சோர்வு என்று பெயரிட்டழைப்பது அந்நிலையையே. அதனைப் பற்றி அத்தகைய கட்டுரைகள் எழவில்லை. கத்தியை ஏந்தி ஓடுபவன் செய்தியாகிறான். திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பவனைப் பற்றி யார் கட்டுரை எழுதுவார்? ஆயின், அச்சில் வந்ததை மட்டும் படித்துவிட்டு, மலாயாவின் மனநோய் என்றால் அமோக்கும் லாத்தாவுந்தாம் என்று ஒருவர் முடிவு கட்டினால் அவரைக் குறை கூற முடியாது. அவருக்குக் கிடைத்த ஏடு அப்படி.

ஏட்டில் ஏறியதற்கும் உண்மையில் நிகழ்ந்ததற்கும் உள்ள இவ்விடைவெளியை ஆராய்ச்சி உலகம் இப்பொழுது ஒரு தனிக் குற்றமாகவே எண்ணுகிறது. அறிவிப்பில் நேரும் சாய்வு என்று அதனைச் சொல்லலாம். 'ஒருபாற் கோடுதல்' என்பது இதற்கு இன்னும் பொருத்தமான பழஞ்சொல். தராசுத் தட்டில் வைத்த பொருள் மெய்யானதாகவே இருக்கும். வைக்காமல் விட்ட பொருளால் தட்டு சாயும். மனச்சோர்வுக்குச் செய்யப்படும் உளவழி மருத்துவத்தின் வரலாற்றில் இக்குறை எவ்வாறு நுழைந்தது, எவ்வாறு கண்டுபிடிக்கப்பட்டது என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆனால் அதற்கு முன் நம் தோட்டத்து ஏடுகளைச் சிறிது புரட்டிப் பார்த்தல் நலம்.

தோட்டத்தில் ஆளைப் பற்றிய முதல் ஏடு செக்ரோல். விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, வந்தவர் வராதவரைக் குறித்து, மாத முடிவில் கிராணி கூலி கணக்கிடுவதற்கான ஏடு அது. வராதவன் ஏன் வரவில்லை என்பதை அறிய எழுந்த ஏடன்று. நோயாளியைப் பற்றிய ஏடு தோட்ட மருத்துவமனையில் டிரசரிடம் இருந்தது. அங்கும் மலேரியா, வயிற்றுக் கடுப்பு, புண் ஆகியவற்றுக்கு இடம் உண்டு, மனத்துக்கு இல்லை.

சாவுக் கணக்கு ஒன்று தனியே அரசாங்கத்துக்குச் சென்றது. அதைக்கொண்டுதான் 1911ஆம் ஆண்டில் ஐக்கிய மலாய் மாநிலத் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளருக்கு 60 பேருக்கு மேல் இறந்தனர் என்று அறிகிறோம். தொழிலாளர் உடல்நலப் பாதுகாப்புக்கென அவ்வாண்டிலேயே ஒரு சட்டமும் பிறந்தது. இவ்வெண் சராசரி மட்டுமே. சில தோட்டங்களில் ஆயிரத்துக்கு 200க்கும் மேற்பட்டோர் மாண்ட ஆண்டுகள் உண்டு. நல்ல தோட்டங்களின் எண்ணோடு கலந்தபோது அவை கண்ணுக்குப் படாமற் போயின. இன்னொன்றும் கருதத்தக்கது. ஒரு தோட்டத்தின் சாவுக் கணக்கில் ஒருவன் சேர வேண்டுமாயின் அவன் அத்தோட்டத்து ஆளாக இருந்தே இறக்க வேண்டும். நோயுற்று விலக்கப்பட்டவன், சொல்லாமல் ஓடிப்போய் வழியில் வீழ்ந்தவன், வேலைக்கு உதவான் என்று நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றப்பட்டவன் ஆகியோர் தோட்டத்துக் கணக்கை விட்டு நீங்கியவர்கள். 1930 முதல் 1932 வரை ரப்பர் விலை வீழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் உடலிலும் உள்ளத்திலும் சுமந்து சென்ற நோய் எந்த மலாயாப் புள்ளிவிவரத்திலும் நோயாகப் பதியவில்லை. 'சென்றவர்' என்ற ஒரே தொகையில் அடங்கிவிட்டது.

அக்காலத்தார் எல்லாரும் குறையை மறைத்தனர் என்று கொள்வதும் தவறு. கிள்ளானில் 1901இல் சதுப்பு நீரை வடித்து மலேரியாவை அடக்கிய மருத்துவர் மால்கம் வாட்சன், சமநிலத்தில் வென்ற அம்முறை குன்றுப் பகுதியில் பலிக்கவில்லை என்பதையும் தம் நூலில் விரித்தெழுதினார். காடு வெட்டப்பட்டு வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் வேறு வகைக் கொசு பெருகியது. அத்தோல்வியை எழுதியதனாலேயே குன்றுகளுக்கு நிலத்தடி வடிகால் என்னும் வேறு வழி பிறந்தது.

இவ்வகையில் சிலாங்கூர் உலகுக்குத் தந்த சிறந்த எடுத்துக்காட்டு வேறொன்று உண்டு. அது நடந்த இடம் கோலாலம்பூரில் இருந்த மனநோய் விடுதி. சீனத் தொழிலாளரைப் பெரிபெரி நோய் கூட்டங்கூட்டமாகக் கொன்ற காலம். தமிழரிடம் அந்நோய் அருகியே காணப்பட்டது. காரணம் அரிசியில் இருக்கலாம் என்று நெகிரி செம்பிலான் மருத்துவர் பிரேடன் கருதினார். சீனர் உண்டது தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. வில்லியம் ஃபிளெட்சர் என்னும் மருத்துவர் 1905ஆம் ஆண்டின் இறுதியில் இதைச் சோதிக்கத் தொடங்கினார். விடுதியில் உள்ளவர்களை வரிசையாக நிறுத்தி எண் இட்டார். ஒற்றைப்படை எண்ணினர் ஒரு பக்கம், இரட்டைப்படை எண்ணினர் மறுபக்கம். ஒரு பிரிவினருக்குப் பச்சரிசி, மற்றவருக்குப் புழுங்கலரிசி. இடத்தின் குற்றமோ என்ற ஐயம் நீங்கும்பொருட்டு இடையில் இரு பிரிவினரையும் இடம் மாற்றியும் வைத்தார். பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் அந்நோயால் இறந்தவர் எவருமில்லை. முடிவு 1907இல் இலண்டன் 'லான்செட்' இதழில் வந்தது. தவிட்டில் உள்ள உயிர்ச்சத்து நெல்லைப் புழுக்கும்போது அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது என்பது பின்னர் விளங்கிற்று. நம் பாட்டிமார் காரணம் அறியாமல் செய்துவந்த காரியம் இது. (அவ்விடுதியில் இருந்தோரின் ஒப்புதலை யாரும் கேட்கவில்லை என்பதையும் இங்கே சொல்லாமல் விடுதல் முறையாகாது. இன்று அத்தகைய சோதனையை எந்த நாடும் ஏற்காது.)

ஃபிளெட்சரின் சோதனையில் நாம் கவனிக்க வேண்டியது அரிசியைக் காட்டிலும் அந்த வரிசை எண். யார் யார் எந்தப் பக்கம் என்னும் பட்டியல் முடிவு தெரியுமுன்பே எழுதப்பட்டுவிட்டது. பின்னர் ஒருவர் இறந்தால் அவரை அப்பட்டியலிலிருந்து எடுத்து மறைக்க வழியில்லை. தோட்டத்துக் கணக்கில் இல்லாத பாதுகாப்பு அது. இனி வரப்போகும் கதை முழுவதும், முன்னமே எழுதப்பட்ட பட்டியலொன்று எங்கேயாவது கிடைக்கிறதா என்று தேடிய கதையே.

மனச்சோர்வுக்கு மருந்து கொடுப்பது ஒரு முறை. மருத்துவர் அல்லது பயிற்சி பெற்றவர் நோயாளியுடன் முறைப்படி பல வாரம் உரையாடி, அவருடைய எண்ணப் போக்கையும் நாள்வாழ்வின் ஒழுங்கையும் மெல்லத் திருத்துவது மற்றொரு முறை. பின்னதை உளவழி மருத்துவம் என்போம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதைப் பற்றிய ஆய்வுகள் நூற்றுக்கணக்கில் வெளிவந்தன. பெரும்பாலானவை நற்பயன் விளைந்தது என்றே கூறின. ஆனால் அவ்வாறு கூறாதவை எத்தனை? இக்கேள்வியை உளநூலார் அறியாதவரல்லர். 1959இல் தியோடர் ஸ்டெர்லிங் என்பவர் உளநூல் இதழ்களில் புள்ளியியற் சோதனை செய்திருந்த 294 கட்டுரைகளை எண்ணிப் பார்த்தார். அவற்றுள் 286 கட்டுரைகளில் ஆய்வாளர் எதிர்பார்த்த வேறுபாடு உண்டென்றே முடிவு வந்திருந்தது. மனிதர் எண்ணியது இத்துணை முறை பலிப்பது இயல்பன்று. 1979இல் இராபர்ட் ரோசன்தால் இதற்கு ஒரு பெயர் வைத்தார்; 'இழுப்பறைச் சிக்கல்' என்று நாம் சொல்லலாம். பலித்தது இதழுக்குப் போகிறது, பலிக்காதது மேசை இழுப்பறைக்குப் போகிறது.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வேண்டுதல் நிறைவேறியவர் பால்குடம் எடுக்கிறார். திருவிழாவில் நின்று பால்குடங்களை எண்ணி வேண்டுதல்களின் பயனைக் கணக்கிட முற்பட்டால், வேண்டியும் கிட்டாமல் வீட்டில் இருந்துவிட்டவர் அக்கணக்கில் வாரார். பக்தியின் குறையன்று, எண்ணிய இடத்தின் குறை.

பெயர் வைத்தாயிற்று; இழுப்பறையைத் திறப்பது எப்படி? மருந்துகளைப் பொறுத்தவரை அதற்கு ஒரு சாவி இருந்தது. அமெரிக்க நாட்டில் புது மருந்தை விற்க விரும்பும் நிறுவனம், அதைப் பற்றி நடத்தப்போகும் சோதனைகளை உணவு மருந்து ஆணையத்திடம் முன்னதாகவே தெரிவித்து, முடிவுகளையும் ஒப்படைக்க வேண்டும். எரிக் டர்னரும் உடனுழைத்தோரும் மனச்சோர்வு மருந்துகள் பன்னிரண்டைப் பற்றி ஆணையத்திடம் இருந்த 74 சோதனைகளை இதழ்களில் வந்தவற்றோடு ஒப்பிட்டு 2008இல் வெளியிட்டனர். ஆணையத்தின் மதிப்பீட்டில் 38 சோதனைகளே மருந்துக்குச் சார்பானவை. அவற்றுள் ஒன்றைத் தவிர யாவும் அச்சேறின. சார்பற்றவும் ஐயத்துக்குரியவும் ஆனவை 36. அவற்றில் 22 அச்சேறவேயில்லை. 11 சோதனைகள், பயன் விளைந்தது போலத் தோன்றுமாறு எழுதப்பட்டு வெளிவந்தன. உள்ளவாறே வெளிவந்தவை மூன்று. ஆகவே இதழ்களை மட்டும் படித்த மருத்துவருக்கு நூற்றுக்கு 94 சோதனைகள் வெற்றி. ஆணையத்தின் பெட்டியைத் திறந்து பார்த்தவருக்கு நூற்றுக்கு 51.

இதைக் கேட்டவுடன் உளவழி மருத்துவத்தார் பலர் சற்று நிமிர்ந்து உட்கார்ந்திருக்கக் கூடும். மருந்து நிறுவனங்களுக்குப் பணத்தாசை உண்டு. உரையாடலை யாரும் புட்டியில் அடைத்து விற்பதில்லை. எனவே தம் துறை தூயது என்று எண்ண இடமிருந்தது. அவ்வெண்ணத்தைச் சோதிப்பதும் எளிதாக இல்லை. உளவழி மருத்துவத்துக்கு ஆணையம் எதுவும் அனுமதி வழங்குவதில்லையாதலின், திறந்து பார்க்கப் பெட்டி ஏது?

எல்லன் திரீசன் என்னும் அம்மையாரும் டர்னர் உள்ளிட்ட உடனாய்வாளரும் வேறொரு பட்டியலைக் கண்டெடுத்தனர். அமெரிக்க அரசின் தேசிய உடல்நல நிறுவனங்கள் ஆராய்ச்சிக்குப் பணம் வழங்கிய பதிவேடு அது. பணம் ஆய்வு தொடங்குமுன் தரப்படுவது. முடிவு நன்றாயினும் அன்றாயினும் அப்பதிவேட்டில் பெயர் நிற்கும். ஃபிளெட்சரின் வரிசை எண்ணைப் போன்றதொரு பட்டியல் என்க. 1972 முதல் 2008 வரை, மனச்சோர்வுக்கு உளவழி மருத்துவம் செய்து பார்க்கப் பணம் பெற்ற சோதனைகள் 55 அதில் இருந்தன. அவற்றுள் 13 சோதனைகளின் முடிவு எங்கும் வெளியாகவில்லை. ஏறத்தாழ நான்கில் ஒன்று. ஆய்வாளர்கள் அவற்றை நடத்தியவர்களுக்கு எழுதி, கிடைத்த விவரங்களைக் கேட்டு வாங்கினர்.

இங்கே ஓர் அளவையை விளக்க வேண்டும். மருத்துவம் பெற்றோருக்கும் பெறாதோருக்கும் உள்ள வேறுபாட்டைப் புள்ளியியலார் ஓர் எண்ணால் குறிப்பர். 0 என்றால் வேறுபாடே இல்லை, 0.2 சிறியது, 0.5 நடுத்தரமானது, 0.8 பெரியது. வெளிவந்த சோதனைகளில் உளவழி மருத்துவத்தின் பயன் 0.52 ஆக இருந்தது. வெளிவராதவற்றில் அது 0.20 மட்டுமே. இரண்டையும் சேர்த்தபோது 0.39. அதாவது அச்சில் கண்ட பயனில் நான்கில் ஒரு பங்கு கரைந்தது. இக்கணக்கு 2015இல் வெளிவந்தது.

உளவழி மருத்துவம் பொய் என்று இதற்குப் பொருள் சொல்வாருண்டு. அவ்வாறு சொல்வது எண்ணைப் படிக்கத் தெரியாமை. 0.39 என்பது வெறுமையன்று. பலருக்கு உண்மையான தேறுதல் அதில் அடங்கியுள்ளது. என் கருத்தில் இவ்வாய்வின் பெருஞ்செய்தி வேறு. ஒளித்து வைக்கத் தீய எண்ணமோ பணமோ வேண்டியதில்லை என்பதை இது காட்டிவிட்டது. பயன் காணாத ஆய்வை எழுத உட்காரும்போது ஆய்வாளருக்குக் கை ஓடுவதில்லை. வேறு வேலை குறுக்கிடுகிறது. புதுமை இல்லை என்று இதழாசிரியர் திருப்புவார் என்ற எண்ணம் வேறு. இப்படி ஒவ்வொன்றும் சிறிய காரணம். சேர்ந்தால் நான்கில் ஒரு பங்கு.

இதில் பாதிக்கப்படுவோர் யார்? ஆய்வாளர் அல்லர். பள்ளியில் வழிகாட்டும் ஆசிரியர் ஒருவர், மனச்சோர்வுற்ற தாய் ஒருத்தியிடம், மருத்துவரிடம் சென்று பத்து முறை பேசினால் தீர்ந்துவிடும் என்று நூலைப் படித்த நம்பிக்கையில் சொல்கிறார். தோட்டத்திலிருந்து பேருந்து ஏறி, ஒரு நாள் கூலியை இழந்து, அவளும் போகிறாள். தீரவில்லையென்றால், எல்லாருக்கும் பலித்தது எனக்கு மட்டும் பலிக்கவில்லையே என்று தன்னையே நொந்துகொள்வாள். தன்னை நொந்துகொள்வதே அந்நோயின் இயல்பு என்பதை எண்ணும்போது, மிகைப்படுத்திய எண் நோயை வளர்க்கும் என்பது விளங்கும். பலருக்குப் பயன் தரும், சிலருக்குத் தராது, அப்போது வேறு வழி உண்டு என்று சொல்லியிருந்தால் அவள் இரண்டாம் வாயிலைத் தட்டியிருப்பாள்.

உள்ளபடி சொன்ன ஆய்வுக்கு இந்திய மண்ணிலேயே நல்ல சான்று இருக்கிறது. கோவாவில் விக்ரம் பட்டேலும் பிறரும் 24 மருத்துவ நிலையங்களில் 'மானஸ்' என்னும் சோதனையை நடத்தினர். மருத்துவப் பட்டம் பெறாத உள்ளூர் மக்களைப் பயிற்றி, மனச்சோர்வும் மனக்கலக்கமும் உற்றவர்களோடு உரையாடச் செய்தனர். அரசாங்க நிலையங்களில் தேறியவர் தொகை கூடியது. தனியார் மருத்துவரிடத்தில் வேறுபாடு காணப்படவில்லை. 2010இல் 'லான்செட்' இதழில் அவ்விரண்டையும் சேர்த்தே வெளியிட்டனர். முதற்பாதியை மட்டும் வெளியிட்டிருந்தால் யார் கண்டிருப்பார்? சோதனைத் திட்டத்தை முன்னரே பதிந்து வைக்கும் வழக்கம் அப்போது வேரூன்றி வந்தது. பதிவு செய்யாத சோதனையை ஏற்பதில்லை என்று முன்னணி மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் 2004இல் அறிவித்தனர். இந்தியா 2007இல் பதிவேடு ஒன்றைத் தொடங்கி 2009இல் அதைக் கட்டாயமாக்கியது. மருந்துச் சோதனையாளர் இவ்வழக்கத்துக்கு விரைவில் வந்தனர்; உளவழி மருத்துவ ஆய்வாளர் பலர் மெல்லவே வந்தனர்.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். மருத்துவத்தின் பயனைக் கணக்கிடுமுன் நோயின் அளவு தெரிய வேண்டுமன்றோ? மனச்சோர்வின் மிகக் கொடிய முடிவு தற்கொலை. மலேசியப் பல்கலைக்கழகங்களில் மனநோய் மருத்துவத் துறையில் பணியாற்றிய மணியம், கேமரன் மலைப் பகுதியைப் பற்றிய தம் ஆய்வை 1988இல் பிரிட்டிஷ் இதழொன்றில் வெளியிட்டார். இந்தியரிடையே இவ்வகைச் சாவு பிற இனத்தாரினும் மிகுதி என்பது அவருடைய ஆய்விலும் பிறர் ஆய்வுகளிலும் மீண்டும் மீண்டும் காணப்பட்டுள்ளது. ஆயின் நாட்டின் அதிகாரக் கணக்கோ தற்கொலை குறைந்து வருவதாகக் காட்டியது. மணியம் 1966 முதல் 1990 வரையுள்ள சாவுப் பதிவுகளை எடுத்து, தற்கொலை என்னும் பத்தியோடு அடுத்த பத்தி ஒன்றையும் சேர்த்துப் படித்தார். 'காரணம் உறுதி செய்யப்படாத வன்சாவு' என்பது அப்பத்தியின் பெயர். முதற்பத்தி குறையக் குறைய இரண்டாம் பத்தி ஏறியிருந்தது! 1995இல் வெளியான அவ்வாய்வு, துயர் குறையவில்லை, பத்தி மாறிற்று என்பதைக் காட்டிற்று.

பத்தி ஏன் மாறுகிறது என்பதற்குத் தோட்டப்புறத்தாருக்கு விளக்கம் வேண்டியதில்லை. வீட்டில் நேர்ந்த சாவு காவல் நிலையத்தில் பதியப்படும். மருத்துவர் உடலைப் பாராமலே பதியப்படும் சாவுகள் நெடுங்காலம் இந்நாட்டில் கணிசமாக இருந்தன. குடும்பத்தார் விபத்து என்பர். மானம் ஒரு காரணம். இளைய பெண்ணின் திருமணம் ஒரு காரணம். சட்டமும் ஒரு காரணமாய் இருந்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைத் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 309ஆம் பிரிவு குற்றவாளியாக்கி, ஓராண்டு வரை சிறை விதிக்க இடம் தந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுவந்தவர் உண்மையைச் சொன்னால் பிழைத்தவனைக் காவலர் கையில் ஒப்படைப்பதாகும் என்ற அச்சம் இருக்கும்போது, டிரசராயினும் மருத்துவராயினும் எதைக் கேட்டு எதை எழுதுவார்? இலங்கை இத்தகைய சட்டத்தை 1998இல் நீக்கியது. இந்தியா 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தால் அதன் கூர்மையை மழுக்கியது. மலேசியா 309ஆம் பிரிவை நீக்கியது 2023இல்.

அச்சம் நீங்கியபின் மருத்துவமனைக்கு வருவோர் உண்மையைச் சொல்லத் துணிவர். அதனால் பதிவான எண் உயரலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்தை விட்டுப் பட்டணத்துப் புறநகர் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிடையே அவ்வுயர்வு முதலில் தென்படவும் கூடும். அப்போது, தமிழர் மனம் திடீரென்று நலிந்துவிட்டது என்று எழுதுவோர் எழுவர். முன்பு மறைந்து கிடந்தது வெளிப்பட்டதா, புதிதாக நேர்ந்ததா என்பதைப் பிரித்தறிய, மணியம் செய்தது போல் அடுத்த பத்தியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டியிருக்கும்.